சூரைக் கணக்கு

எண்ணூர்ப் புகைபோக்கிகள் கடலுக்குள் இறங்கி
அவற்றின் சிவப்பு விளக்கு மட்டும் மிஞ்சிய தூரத்தில்
தேசிங்கு மோட்டாரைத் தணித்தான்.
நான் நோட்டைத் திறந்தேன்.

என் வேலை எண்ணுவது.
வாடகைக்கு வந்தவர்கள் நாலு பேர்,
ஆளுக்கு இரண்டு சூரை, மொத்தம் எட்டு.
அதற்குமேல் வந்தால் ஊசியைக் கழற்றி விட்டுவிட வேண்டும்.
எங்கள் படகின் விதி. ஏறும்போதே சொல்லிவிடுவேன்.
லைஃப் ஜாக்கெட் வார்களை இழுத்துக்கொண்டே
தலையாட்டுவார்கள்.

வேலைக்கு வந்த முதல் வாரம் முழுக்க
வல்லின றகரம் போட்டுச் 'சூறை' என்றே எழுதியிருந்தேன்.
முதலாளி திருத்தவில்லை.
அவர் பார்ப்பது எண்ணை மட்டும்.

விடிந்ததும் பறவைகள் வந்தன.
பிறகு தண்ணீர் ஒரு மைதான அளவுக்குக் கொதித்தது.
ரீல் அலறியது.
சன்ஸ்கிரீன் பூசிய வெள்ளைக் கன்னத்தோடு பவித்ரன்
வயிற்றுப் பட்டையில் கோலை ஊன்றி
இருபது நிமிடம் வளைந்தான், நிமிர்ந்தான்,
அம்மா என்றான்.
வந்தது கருநீலம், ஓரமெல்லாம் மஞ்சள் முட்கள்.
தொட்டால் உடம்பு வெதுவெதுப்பு.
மூன்று மாதமாகத் தொடுகிறேன்,
கை இன்னும் பழகவில்லை.

எட்டரை மணிக்குள் எட்டும் ஐஸில்.

பல் டாக்டர் நந்தகோபன் கடிகாரத்தைப் பார்த்தார்.
"அவ்ளோதானா?"
தொலைவில் போகும் விசைப்படகைக் காட்டினார்.
"அவன் டன் கணக்குல வாருறான்.
நான் மூணாவது புடிச்சா கடல் வத்திடுமா?"
"வத்தாது சார்," என்றான் தேசிங்கு.
"திங்கக்கிழமை அந்தப் போட்டுல நானும் போவேன்.
அது சோறு. இது வந்து..."
வார்த்தை கிடைக்கவில்லை அவனுக்கு.
பீடியைப் பற்றவைத்தான், காற்று அணைத்தது.

"விடுறதுக்காகப் புடிக்கலாம் இல்ல?" என்றார் டாக்டர்.
பிடிக்கலாம். விதியில் அதற்குத் தடை இல்லை.

நாற்பது நிமிடம்.
ஊசி செவுளில் ஏறியிருந்தது.
நீந்தினால்தான் அதற்கு மூச்சு என்பதால்
தேசிங்கு படகை மெல்ல நகர்த்த
நான் குப்புறப் படுத்து வாலைப் பிடித்துக்கொண்டு
திறந்த வாய்க்குள் கடலை ஓடவிட்டேன்.
இரத்தம் என் முழங்கையைத் தாண்டிப் போனது.
மஞ்சள் முதலில் வெளுத்தது. அப்புறம் நீலம்.

"செத்துப்போச்சே. தூக்கிப் போடும்மா உள்ளே,
வீணாத்தானே போகும்."
நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
அவர் சொன்னது சரி.
விதியும் சரி.
நான் கையை விட்டேன்.

ஒருமுறை வயிறு வெள்ளையாகத் திரும்பியது,
இன்னொருமுறை, சின்னதாக.
பிறகு வெறும் ஆழம்.

நோட்டில் இரண்டே கட்டம்: எடுத்தது, விட்டது.
எடுத்ததில் எட்டு எழுதினேன்.
விட்டதில் பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
வல்லினம் போட்டு எழுதினேன்:
சூறை, ஒன்று.

காசிமேட்டில் இறங்கும்போது
அந்த விசைப்படகோ அதன் தம்பியோ
மண்வாரியால் மீனை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது.
ஏலக்காரர் விலையைத்தான் எண்ணினார்.

டாக்டர் ஐஸ் பெட்டியோடு தயங்கி நின்றார்.
"வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க.
ஒண்ணை நீயே வெச்சுக்கயேன்."
வைத்துக்கொண்டேன். ஒன்பது கிலோ.
எனக்கு எத்தனை என்று விதியில் இல்லை.

பஸ்ஸில் ஏற்ற மாட்டான், ஆட்டோ பிடித்தேன்.
கல்மண்டபம் சிக்னலில் ஓட்டுநர்
கண்ணாடி வழியே கோணிப்பையைப் பார்த்து
"இன்னா மீனும்மா?" என்றார்.
சொன்னேன்.
வாயால் சொன்னால்
இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது.